சரிபார்த்தலின் விலை: மென்பொருட் பாதுகாப்பும் இயந்திர முகவரும்

1. பட்டியல் எழுதிய கரை

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இலங்கையின் கரையோரங்களைத் தாக்கியபோது, உயிரிழப்பு மிக அதிகமாக ஏற்பட்ட மாவட்டம் அம்பாறையாகும். 10,000க்கும் மேற்பட்டோர் இம்மாவட்டத்தில் மாண்டனர். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எனக் கடலோடு ஒட்டி நெருக்கமாக அமைந்த ஊர்களில், அலைக்கு முதலில் இரையானவை கரையை அண்டி வாழ்ந்த எளிய மக்களின் குடியிருப்புகளே. கடலுக்கு மிக அருகில் யார் வாழ்கின்றார் என்பதை இயற்கை தீர்மானிப்பதில்லை; நிலவுடைமை தீர்மானிக்கின்றது.

அழிவின் மறுநாள் தொடக்கம் பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் கோயில் மண்டபங்களிலும் ஒரு வேலை இடையறாது நடைபெற்றது. அது பட்டியல் எழுதும் வேலை. இறந்தோர் பட்டியல், காணாமற்போனோர் பட்டியல், முகாமில் இருப்போர் பட்டியல், நிவாரணம் பெறுவோர் பட்டியல் என அவை பெருகின. அதே வாரங்களில் கொழும்பில், 2003இல் நிறுவப்பட்ட லங்கா மென்பொருள் மன்றத்தைச் சார்ந்தோரும் வேறு தொண்டர்களும் சேர்ந்து, இப்பட்டியல்களைக் கணனியில் ஒன்றிணைக்கும் ஒரு மென்பொருளை எழுதலாயினர். சிங்களத்தில் நிவாரணம் எனப் பொருள்படும் ‘சஹானா’ என்னும் பெயர் அதற்கு இடப்பட்டது. அதன் மூலக்குறிமுறை யாவரும் படிக்கவும் திருத்தவும் கூடியதாகத் திறந்து வைக்கப்பட்டது. 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவின்போதும், 2010இல் ஹெயிட்டி நிலநடுக்கத்தின்போதும் அது பயன்படுத்தப்பட்டது. சமூகப் பயனுள்ள ஆக்கங்களுக்காகக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வழங்கும் விருது 2006ஆம் ஆண்டுக்குரியதாகச் சஹானாவுக்குக் கிடைத்தது. இலங்கையின் மென்பொருள் வரலாற்றில் மக்களின் துயரிலிருந்து நேரடியாகப் பிறந்த ஆக்கம் எனச் சஹானாவைக் குறிப்பிடலாம்.

அண்மை ஆண்டுகளில், குறிமுறையைத் தாமே வாசித்து, அதிலுள்ள வழுக்களைக் கண்டறிந்து, திருத்தமும் முன்மொழியும் செயற்கை நுண்ணறிவு முகவர்கள் உருவாக்கப்பட்டு வருகின்றன. இவற்றைச் சிலர் மீட்பராகவும் சிலர் வேலை பறிக்கும் பூதமாகவும் காண்கின்றனர். இவ்விரு நோக்குகளும் பொருளை அதன் வரலாற்றிலிருந்து பிரித்துக் காண்பவை. செய்த வேலையைச் சரிபார்க்கும் உழைப்பு எவ்வாறு வளர்ந்தது, அதன் செலவை யார் சுமந்தனர், புதிய முகவர் வரவால் அச்செலவு எங்கே பெயர்கின்றது என்பவற்றை, கல்முனைக் கரையை நிலைக்களமாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. பட்டியலும் அபாயமும்

மென்பொருட் பாதுகாப்பு என்பது வங்கிக்காரரும் படைத்துறையினரும் மாத்திரம் கவலைகொள்ள வேண்டிய விடயம் என்றொரு எண்ணம் எம்மிடையே நிலவுகின்றது. எமது நாட்டின் வரலாறு இவ்வெண்ணத்தை மறுக்கின்றது. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளையும் கடைகளையும் தேடிச் சென்ற கும்பல்கள் வாக்காளர் இடாப்புகளைக் கையில் வைத்திருந்தன என்பது பலராலும் பதிவுசெய்யப்பட்ட செய்தி. ஜனநாயக உரிமைக்காகத் தொகுக்கப்பட்ட ஒரு பட்டியல் கொலைக்கான வழிகாட்டியாக மாற, அதில் ஓர் எழுத்தும் மாற்றப்பட வேண்டியிருக்கவில்லை. அது கைமாறியதே போதுமாயிருந்தது.

அபாயம் பட்டியல் கைமாறுவதில் மாத்திரம் இல்லை. அதன் உள்ளடக்கத்திலும் உண்டு. ஆழிப்பேரலையில் வீடிழந்தோருக்கெனச் சவூதி அரேபிய உதவியுடன் அக்கரைப்பற்றின் நுரைச்சோலையில் 500 வீடுகள் கட்டப்பட்டன. அவற்றைப் பெறுவோர் பட்டியல் எவ்வடிப்படையில் அமைய வேண்டும் என்ற பிணக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. வீடுகள் நெடுங்காலம் ஆளின்றிக் கிடந்தன. யாருடைய பெயர் பட்டியலில் இருக்கின்றது, அதனை யார் பார்க்கலாம், யார் மாற்றலாம் என்னும் மூன்று வினாக்களும் இக்கரையில் அரசியல் வினாக்களாகும். மென்பொருட் பாதுகாப்பியலும் இதே மூன்றினையே வேறு சொற்களால் கூறுகின்றது: தரவின் நம்பகம், அதன் அந்தரங்கம், அதனை மாற்றும் அதிகாரம்.

தரமும் இதனோடு பிணைந்தது. இங்கு தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பாலும் குடும்பப் பெயர் கொண்டவரல்லர். தந்தையின் பெயரே முன்னெழுத்தாக நிற்கும். மேலைநாட்டு வழக்கப்படி குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கும் ஒரு படிவம், ஒரே குடும்பத்தின் தந்தையையும் மகளையும் இரு குடும்பத்தவராக்கிவிடும். முகம்மது, முஹம்மத், மொஹமட் என ஒரே பெயர் தமிழிலும் சிங்களம் வழியாகவும் ஆங்கிலம் வழியாகவும் பலவாறு எழுதப்படும். இவற்றை ஒன்றென அறியாத மென்பொருள் ஒருவரை மூவராக்கும். அறிந்ததாகப் பாசாங்கு செய்யும் மென்பொருள் மூவரை ஒருவராக்கும். காணாமற்போன மகனின் பெயரைத் தேடும் தாய்க்கு இது சிறு வழுவன்று.

வழு என்னும் சொல்லே இங்கு சிந்திக்கத் தக்கது. கணனியியலில் எமது பாடநூல்கள் வழங்கும் இச்சொல் இலக்கணத்திலிருந்து பெறப்பட்டதாகும். இலக்கணகாரர் வழு, வழாநிலை என்னும் இரண்டோடு நில்லாது வழுவமைதி என மூன்றாவதொன்றையும் வகுத்தனர். விதியிலிருந்து விலகினும் வழக்கு ஏற்றுக்கொண்டமையால் அமைவது அது. எது பிழை என்பதை விதி மாத்திரம் தீர்மானிப்பதில்லை, வழங்கும் சமூகமும் தீர்மானிக்கின்றது என்னும் இவ்வுண்மை பின்னர் எமக்குப் பயன்படும்.

3. சரிபார்க்கும் உழைப்பின் வரலாறு

கணிக்கும் பொறியின் முன்னோடியான சார்ள்ஸ் பபேஜ், 1832இல் இயந்திரங்களினதும் ஆலைத்தொழிலினதும் பொருளியல் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் ஓர் அதிகாரம், பொருளின் விலைமீது சரிபார்த்தல் கொள்ளும் செல்வாக்கைப் பற்றியது. வாங்குவோன் பொருளுக்குத் தரும் விலையோடு, அது ஏமாற்றற்றது எனச் சோதித்தறியும் செலவையும் சுமக்கின்றான் என்பது அவர் வாதம். கண்ணால் கண்டதும் தரம் புலப்படும் பொருளில் இச்செலவு குறைவு; கலப்படம் எளிதாகவும் கண்டுபிடிப்பு அரிதாகவும் உள்ள பொருளில் அது மிகும். மார்க்ஸ் தமது ‘மூலதனம்’ நூலின் முதற் பாகத்தில் (1867) பபேஜைப் பயன்படுத்திக்கொண்டார் என்பதை அறிவோம். எனினும் சரிபார்த்தல் பற்றிய இப்பகுதி மார்க்சிய ஆய்வாளரிடையே போதிய கவனம் பெறவில்லை என்றே கூறவேண்டும்.

மருதமுனையின் கைத்தறியை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். தறியில் இருப்பவர், பாவில் ஓர் இழை அறுந்தால் உடனே காண்கின்றார், நிறுத்துகின்றார், முடிந்துவிட்டுத் தொடர்கின்றார். நெய்தலும் சரிபார்த்தலும் ஒரே ஆளின் ஒரே கணத்து வேலை. உற்பத்தி ஆலைக்குள் சென்றபோது, செய்பவர் வேறு, சோதிப்பவர் வேறு எனப் பிரிந்தனர். சோதிப்பவர் முதலாளியின் கண்ணாகவும், பிழைக்குத் தண்டம் அறவிடும் கையாகவும் மாறினார். இங்கிலாந்தின் ஆலைகளில் பழுதான துணிக்குக் கூலி வெட்டப்பட்டமை தொழிலாளர் போராட்ட வரலாற்றில் பரவலாகக் காணப்படுவது. ஆகவே சரிபார்த்தல் தொடக்கம் முதலே இருமுகங் கொண்டது: பயன்படுத்துவோரைக் காக்கும் சமூகத் தேவை ஒன்று, உழைப்பாளியைக் கட்டுப்படுத்தும் கருவி மற்றொன்று.

மென்பொருள் இதே பாதையைச் சில பத்தாண்டுகளில் நடந்து முடித்தது. 1976இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் மைக்கேல் பேகன், குறிமுறையை இயக்கிப் பார்ப்பதற்கு முன்னரே ஒரு சிறு குழு கூடி வரிவரியாக வாசித்துப் பிழை காணும் முறையொன்றை வகுத்து வெளியிட்டார். ஏறத்தாழ அதே காலத்தில் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டீபன் ஜோன்சன், குறிமுறையை இயக்காமலே அதில் ஐயத்துக்குரிய இடங்களைச் சுட்டும் ‘லின்ட்’ என்னும் கருவியை ஆக்கினார். துணியில் ஒட்டும் பஞ்சுத் துகள் என்பது அதன் பெயர்ப் பொருள். 1988இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் மில்லர், ஒரு புயலிரவில் தொலைபேசி இணைப்பில் புகுந்த இரைச்சல் தம் கணனியிலிருந்த செய்நிரல்களை நிலைகுலையச் செய்ததைக் கண்டு, தாறுமாறான உள்ளீடுகளை வேண்டுமென்றே புகுத்திச் சோதிக்கும் முறையைத் தம் மாணவருடன் உருவாக்கினார். 1990இல் வெளியான அவர்களது ஆய்வு, சோதிக்கப்பட்ட யூனிக்ஸ் செய்நிரல்களில் ஏறத்தாழக் காற்பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை இவ்வாறு நிலைகுலைந்தன எனக் காட்டிற்று. 1988 நவம்பரில் மொறிஸ் புழு எனப்பட்ட செய்நிரல், இத்தகைய கவனக்குறைவுகளுள் ஒன்றைப் பயன்படுத்தி அன்றைய இணையத்தின் கணிசமான பகுதியை முடக்கியது.

கருவிகள் வளர்ந்தும் பிழைகள் குறையவில்லை. ஏனெனில் குறிமுறையின் அளவு அதனைச் சரிபார்க்கும் உழைப்பைவிட விரைவாக வளர்ந்தது. 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட ‘ஹார்ட்பிளீட்’ என்னும் பலவீனம் இதற்குச் சிறந்த சான்று. உலகின் பெரும் வணிகங்கள் தம் இரகசியங்களைக் காக்க நம்பியிருந்த ஓப்பின் எஸ்.எஸ்.எல். என்னும் திறந்த மென்பொருளில், ஓர் அளவைச் சரிபார்க்கத் தவறிய பிழை இரண்டு ஆண்டுகளாகக் காணப்படாமற் கிடந்தது. அம்மென்பொருளை விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே பேணி வந்தனர். அதற்குக் கிடைத்த நன்கொடை ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 டொலர் மாத்திரமே. யாவரும் படிக்கலாம் என்பதனால் யாரோ படித்திருப்பார் என்று ஒவ்வொருவரும் எண்ணினர். பொதுவுடைமையாக ஆக்கப்பட்ட ஒன்றிலிருந்து இலாபம் தனியுடைமையாகச் சென்றது. அதனைச் சரிபார்க்கும் செலவோ கூலியற்ற சிலரின் தோளில் விடப்பட்டது. மூலதனம் தன் செலவைச் சமூகத்தின்மேல் ஏற்றும் பழைய முறையின் புதிய வடிவம் இது.

4. முகவரின் தோற்றமும் அமைப்பும்

இப்பின்னணியிலேயே இயந்திர முகவர் தோன்றியது. 2016 ஆகஸ்டில் ஐக்கிய அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான டார்பா, லாஸ் வேகாஸ் நகரில் ஒரு போட்டியை நடத்தியது. ஏழு இயந்திரங்கள், மனிதர் கை படாது, மென்பொருளில் பலவீனங்களைக் கண்டறிந்து தாக்கவும் தற்காக்கவும் போட்டியிட்டன. ‘மேஹெம்’ என்னும் முறைமை வென்றது. அக்காலத்து இயந்திரங்கள் கணித வழிப் பகுப்பாய்வையும் தாறுமாறான உள்ளீட்டு முறையையும் நம்பியிருந்தன. குறிமுறையை எழுதியவரின் கருத்தை அவை அறியா.

பெருமொழி மாதிரிகள் வந்தபின் நிலைமை மாறியது. 2023இல் டார்பா அறிவித்த இரண்டாவது போட்டியின் இறுதிச் சுற்று 2025 ஆகஸ்டில் முடிவுற்றது. 5 கோடி 40 இலட்சம் குறிமுறை வரிகளை ஏழு அணிகளின் முறைமைகள் ஆராய்ந்தன. சோதனைக்கென இடப்பட்ட பலவீனங்களுள் 54 கண்டுபிடிக்கப்பட்டன. 43க்குத் திருத்தம் செய்யப்பட்டது. எவரும் இடாத, முன்னர் அறியப்படாத உண்மையான பலவீனங்கள் 18 வெளிப்பட்டன. ஒரு பணிக்கான சராசரிச் செலவு ஏறத்தாழ 152 டொலர். ‘அற்லாண்டா அணி’ முதலிடம் பெற்றது. இறுதிச் சுற்றுக்கு வந்த அணிகள் தம் முறைமைகளைத் திறந்த மூலமாக வெளியிட வேண்டும் என்பது போட்டியின் விதிகளுள் ஒன்று. இதற்கு முன்னரே, 2024 நவம்பரில், கூகிள் நிறுவனத்தின் ‘பிக் சிலீப்’ என்னும் முகவர் பரவலாகப் பயன்படும் சீக்குலைற் தரவுத்தள மென்பொருளில் ஒரு பலவீனத்தை, அது வெளியீட்டில் இடம்பெறுமுன் கண்டறிந்தமை அறிவிக்கப்பட்டது.

இத்தகைய முகவர் எவ்வாறு அமைகின்றது என்பதைச் சுருக்கமாக அறிவது அவசியம். அதன் நடுவே மொழி மாதிரி ஒன்றுண்டு. அது குறிமுறையை வாசித்து, இவ்விடத்தில் இவ்வாறான பிழை இருக்கலாம் என ஓர் ஊகத்தை முன்வைக்கும். ஊகம் மாத்திரம் பயனற்றது. மாதிரி உறுதியான தொனியில் பொய்யும் கூறும். ஆகவே அதன் கையில் கருவிகள் தரப்படுகின்றன: கோப்புகளைத் தேடும் கருவி, தொகுப்பி, சோதனைகளை இயக்கும் கருவி, தாறுமாறான உள்ளீடுகளை ஊட்டும் கருவி. முகவர் தன் ஊகத்தை மெய்ப்பிக்க ஓர் உள்ளீட்டை எழுதி, தனிமைப்படுத்தப்பட்ட சூழலில் செய்நிரலை இயக்கும். செய்நிரல் நிலைகுலைந்தால் ஊகம் மெய். அன்றேல் அது கைவிடப்படும். பின்னர் திருத்தம் எழுதப்படும். அதே உள்ளீடு மீண்டும் கொடுக்கப்பட்டு, பிழை தோன்றவில்லை என்பதும், பழைய சோதனைகள் யாவும் தேறுகின்றன என்பதும் உறுதிசெய்யப்படும். எழுதிய முகவரும் சோதிக்கும் முகவரும் வேறாக இருப்பது விரும்பத்தக்கது.

இவ்வமைப்பை உற்றுநோக்கும்போது ஓர் உண்மை புலனாகும். பேகனின் வாசிப்புக் குழு, ஜோன்சனின் கருவி, மில்லரின் உள்ளீட்டு முறை ஆகிய மூன்றும் முகவரினுள் ஒருங்கே உறைகின்றன. மாதிரி கற்றுக்கொண்ட குறிமுறையோ, எண்ணற்ற செய்நிரலாளர் திறந்து வைத்த குறிமுறை; கற்றுக்கொண்ட பிழைகளோ, அவர்கள் பல்லாண்டுகளாகப் பகிரங்கமாகப் பதிந்து திருத்திய பிழைகள். 1857-58ஆம் ஆண்டுகளின் குறிப்பேடுகளில் மார்க்ஸ், சமூகத்தின் பொதுவறிவு இயந்திரத்துள் உறைந்து உழைப்பாளியின் எதிரே அந்நிய சக்தியாக நிற்கும் நிலையைச் சிந்தித்தார். மென்பொருள் முகவரில் அச்சிந்தனைக்கு இதுவரை கண்டிராத தெளிவான உருவம் கிடைத்துள்ளது. சஹானாவை எழுதிய தொண்டரின் உழைப்பும் அப்பொதுவறிவின் ஒரு துளியே.

5. முரண்பாடுகள்

முகவர் பிழை காணும் செலவைக் குறைத்தது என்பதில் ஐயமில்லை. அதனோடு பிழை இருப்பதாகக் கூறும் செலவையும் அது குறைத்தது. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதை ‘கேர்ல்’ என்னும் திறந்த மென்பொருளின் அனுபவம் காட்டுகின்றது. அதனைப் பேணும் சுவீடன் நாட்டவரான டானியல் ஸ்ரென்பேர்க், மாதிரிகள் புனைந்த போலிப் பிழை அறிக்கைகள் வந்து குவிவதாகப் பலமுறை முறையிட்டார். இல்லாத பிழையைப் பற்றிய அறிக்கையை எழுத ஒருவருக்குச் சில நிமிடங்கள் போதும். அது பொய் என நிறுவத் தொண்டர் பலர் தம் பொழுதை இழக்க வேண்டும். பிழை காண்போருக்குப் பணப் பரிசு தரும் தம் திட்டத்தையே 2026 ஜனவரியோடு அவர் முடிவுக்குக் கொண்டுவந்தார். ஆயின் 2025 செப்டெம்பரில், இயந்திர நுண்ணறிவுக் கருவிகளை நன்கு கையாளத் தெரிந்த ஓர் ஆய்வாளர் அனுப்பிய அறிக்கைகளால் அதே மென்பொருளில் பல உண்மையான பிழைகள் திருத்தப்பட்டன. அதனை ஸ்ரென்பேர்க் வெளிப்படையாகப் பாராட்டினார். கருவி ஒரே வகையினது. ஒருவர் சரிபார்த்தலின் செலவைத் தாமே ஏற்றார். மற்றையோர் அதனைப் பிறர்மேல் எறிந்தனர். வேறுபாடு உழைப்பின் உறவில் இருந்தது.

இரண்டாவது முரண்பாடு நம்பிக்கை பற்றியது. 2024 மார்ச்சில் ‘எக்ஸ்.இசட்.’ என்னும் சுருக்க மென்பொருளில் மறைவாயில் ஒன்று புகுத்தப்பட்டிருந்தமை அம்பலமாயிற்று. களைத்திருந்த ஒரு பேணுநருக்கு உதவுவதாக வந்த ஒருவர், இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகப் பொறுமையுடன் நன்மதிப்பைத் தேடியபின் அதைச் செய்தார். அதனைக் கண்டுபிடித்தவர் அன்ட்ரஸ் பிரொயின்ட் என்னும் பொறியியலாளர். ஓர் இணைப்பு வழக்கத்தைவிட ஏறத்தாழ அரைச் செக்கன் தாமதமாவதை அவர் ஐயுற்று ஆராய்ந்தமையே காரணம். தன் தறியின் ஓசை மாறினால் அறியும் நெசவாளரின் அறிவு எவ்வகையினதோ, அவ்வகையினது அந்த ஐயம்.

முகவரும் இவ்வாறு ஏமாற்றப்படக் கூடியதே. அது வாசிக்கும் குறிமுறையின் குறிப்புரைக்குள், வாசிக்கும் இயந்திரத்துக்கான கட்டளை ஒன்றை எதிரி மறைத்து வைக்கலாம். தரவையும் கட்டளையையும் மாதிரி திட்டமாகப் பிரித்தறிவதில்லை. எனவே முகவருக்கு எல்லாக் கதவுகளின் திறப்பையும் ஒருங்கே கொடுப்பது பேதைமை. வாசிக்கும் உரிமை, எழுதும் உரிமை, வெளியுலகோடு பேசும் உரிமை ஆகியன பிரித்துக் கொடுக்கப்பட வேண்டும். அது செய்த ஒவ்வொரு செயலும் பின்னர் ஆராயத்தக்கவாறு பதியப்பட வேண்டும். இறுதி ஒப்புதல் பெயர் சொல்லிப் பொறுப்பேற்கும் மனிதரிடம் இருக்க வேண்டும்.

மூன்றாவது முரண்பாடு வேலை பழகுவோர் பற்றியது. மென்பொருள் நிறுவனங்களில் புதிதாகச் சேரும் இளைஞருக்கு வழக்கமாகத் தரப்படுவது சோதித்தல், சிறு வழுத் திருத்தல் ஆகிய பணிகளே. இப்பணிகளின் ஊடாகவே அவர் நாளடைவில் பிறர் குறிமுறையை மதிப்பிடும் திறன் பெறுகின்றார். முகவர் முதலில் எடுத்துக்கொள்வதும் இப்பணிகளையே. முகவரின் திருத்தத்துக்கு ஒப்புதல் அளிக்கும் முதிர்ந்த கண் வேண்டும் என்கின்றோம்; அக்கண் முதிர்வதற்கான படியையோ அகற்றுகின்றோம். போரின் நெருக்கடிக்கிடையில் 1995இல் கல்லூரியாகத் தொடங்கி 1996இல் பல்கலைக்கழகமான ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலிருந்தும், சம்மாந்துறையிலுள்ள அதன் பிரயோக விஞ்ஞான பீடத்திலிருந்தும் வெளிவரும் இளைஞருக்கு இது வெறும் கோட்பாட்டு வினாவன்று. 1977இன் பின்னர் இறக்குமதித் துணி வரம்பின்றி வந்தபோது கைத்தறியாளர் அடைந்த வீழ்ச்சியைக் கண்ட ஊர்களின் பிள்ளைகள் அவர்கள். அன்று துணி மலிந்தது உண்மை. மலிவின் விலையை யார் செலுத்தினர் என்பதும் உண்மை.

6. இலங்கையின் இரு படிப்பினைகள்

எமது நாட்டின் அண்மைய நிகழ்வுகள் இரண்டினை இங்கு ஒப்பிடல் தகும்.

முதலாவது, 2005இல் இலங்கையிற் பிறந்து உலகெங்கும் பயன்படும் மென்பொருளை ஆக்கும் டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்தின் ஆக்கங்களில் 2022 ஏப்ரலில் பகிரங்கமான பலவீனம். அடையாளம் உறுதிசெய்யப்படாத ஒருவர் சேவையகத்துள் தாம் விரும்பிய கோப்பை ஏற்றி, அதனை இயக்க அது இடமளித்தது. ஆபத்தின் அளவைக் குறிக்கும் பத்துப் புள்ளி அளவுகோலில் அதற்கு 9.8 வழங்கப்பட்டது. நிறுவனம் திருத்தத்தை வெளியிட்டது. ஆயினும் திருத்தத்தை நிறுவாத சேவையகங்களைத் தாக்குவோர் விரைந்து தேடிச் சென்றனர். கோப்பின் பாதையைச் சரிபார்க்கத் தவறும் இத்தகைய பிழை, இன்றைய முகவர் கண்டறிவதற்கு மிகவும் ஏற்ற வகையினது. இங்கு கருவி உதவும் எனத் துணிந்து கூறலாம்.

இரண்டாவது, 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் முகில் சேவைமீது கப்பம் கோரும் தீநிரல் நடத்திய தாக்குதல். அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சற் கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17 தொடக்கம் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்களுக்கு மீட்கத்தக்க காப்புப் பிரதி இருக்கவில்லை. பயன்பாட்டிலிருந்த மின்னஞ்சல் மென்பொருள் 2013ஆம் ஆண்டின் பதிப்பு. அதனைப் புதுப்பிக்கும் எண்ணம் இருந்தும் நிதிப் பற்றாக்குறையாலும் நிர்வாகத் தீர்மானங்களாலும் அது தாமதமானதாகப் பின்னர் கூறப்பட்டது. எத்துணை நுண்ணிய முகவரும் இவ்விழப்பைத் தடுத்திருக்காது. குறை எங்கே என்பது முன்னரே தெரிந்திருந்தது; திருத்துவதற்கான பணமும் பொறுப்பும் இருக்கவில்லை. பொருளாதார நெருக்கடியின் சுமை அரசின் செலவுக் குறைப்பாகி, செலவுக் குறைப்பு பழைய மென்பொருளாகி, பழைய மென்பொருள் அழிந்த ஆவணமாயிற்று.

இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினால் முகவரின் எல்லை தெளிவாகும். அறியாமையால் நிற்கும் வழுவை அது நீக்கும். அறிந்தும் நிற்கும் வழு சமூக உறவுகளால் நிற்பது, அதனை நீக்க வேறு போராட்டம் வேண்டும். 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. இந்திய மானிய உதவியுடன் குடிமக்கள் அனைவருக்குமான டிஜிட்டல் அடையாளத் திட்டமும் முன்னெடுக்கப்படுகின்றது. முன்னர் ஒரு கிராம சேவையாளரின் அலுமாரியில் இருந்த பட்டியல், இனி நாடு முழுவதற்குமான ஒரே பட்டியலாகும். 2019 ஏப்ரலுக்குப் பின்னர் தேடுதல்களையும் கைதுகளையும் அனுபவித்த இக்கரை மக்கள், அப்பட்டியலின் மென்பொருளை யார் சரிபார்த்தார் எனக் கேட்பதற்கு முழு உரிமை உடையோர்.

7. செய்ய வேண்டியது

முகவரை வெறுத்து ஒதுக்குவது தீர்வாகாது. இயந்திரத்தின்மீதன்றி அது பயன்படுத்தப்படும் சமூக முறையின்மீது தாக்குதலைத் திருப்பக் கற்றுக்கொள்ள உழைக்கும் வர்க்கத்துக்கு நெடுங்காலமும் அனுபவமும் தேவைப்பட்டன. அப்பாடத்தை மீளவும் ஆரம்பத்திலிருந்து கற்க வேண்டியதில்லை.

டார்பா போட்டியின் முறைமைகள் திறந்த மூலமாக உள்ளன. அவற்றை எடுத்து, ஒலுவிலிலும் சம்மாந்துறையிலும் மாணவர் தாமே முகவர்களை அமைக்கலாம். முதற் பணியாகச் சஹானா போன்ற பொதுநல மென்பொருள்களையும், உள்ளூராட்சி மன்றங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் வைத்தியசாலைகளும் பயன்படுத்தும் மென்பொருள்களையும், உரியோரின் இணக்கத்துடன், ஆராயலாம். மெய்ப்பிக்கப்படாத எந்த அறிக்கையையும் எவருக்கும் அனுப்புவதில்லை என்பது முதல் விதியாகட்டும். முகவர் எழுதிய திருத்தத்தை மாணவர் ஒருவர் வாசித்து, ஏன் சரி என்பதைத் தம் சொற்களில் எழுதிய பின்னரே அது செல்ல வேண்டும் என்பது இரண்டாவது விதியாகட்டும். இவ்வாறு செய்யின் அகற்றப்பட்ட படி வேறிடத்தில் மீண்டும் கட்டப்படும். முகவர் பழகுவோரின் இடத்தைப் பிடிக்காது அவரது பாடநூலாகும்.

மூன்றாவதாக, இக்கரையின் பெயர்களால் ஆன சோதனைத் தொகுதி ஒன்று வேண்டும். இயந்திரம் செய்நிரல் நிலைகுலைவதைக் காணும். தந்தையின் பெயரை முன்னெழுத்தாகக் கொண்ட பெண்ணின் பதிவு அமைதியாகத் தவறாக அமைவதை, அது தவறு என யாரேனும் சொன்னாலன்றிக் காணாது. அது வழுவா, வழுவமைதியா என்று தீர்ப்பளிக்கும் உரிமை அப்பெயரை வழங்கும் மக்களுடையது. கற்பனைப் பெயர்களைக் கொண்டு, உண்மை மனிதர் எவரையும் காட்டிக்கொடாது, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அவ்வாறான தொகுதியை ஆக்குவது பெருஞ் செலவுள்ள காரியமன்று. மொழியியலும் சமூக வரலாறும் பயின்ற கலைப்பீடத்தார்க்கு இதில் நேரடியான பங்குண்டு.

பபேஜ் சரிபார்த்தலின் செலவை வாங்குவோனின் கணக்கில் எழுதினார். இன்று அது தொண்டரின் உறக்கத்திலும், பழகுநரின் இழந்த வேலையிலும், பட்டியலில் பெயர் பிறழ்ந்த தாயின் அலைச்சலிலும் எழுதப்படுகின்றது. முகவர்கள் பெருக, இக்கணக்கு தானாகத் தீரும் என நம்புவதற்கு வரலாற்றில் ஆதாரமில்லை. சரிபார்க்கும் கருவி பொது உடைமையாகவும், சரிபார்க்கும் திறன் பொதுக் கல்வியாகவும் அமையும் அளவுக்கே அது தீரும். 2004 டிசம்பரின் இறுதி நாள்களில் கல்முனைக் கரையில் கைகளால் எழுதப்பட்ட பட்டியல்களை, எழுதியவர்களே அயலவரிடம் உரக்க வாசித்துக் காட்டித் திருத்தினர். விடுபட்ட பெயரை அறிந்திருந்தவர் அயலவரே.